பவுடர் பூசிய எஞ்சின்

எங்கள் வீட்டுக் கார் என்று நான் சொன்னால் அப்பா உடனே திருத்துவார். "அவன் கார்" என்பார். அவன் என்றால் என் சித்தப்பா. எண்பதுகளின் தொடக்கம் அது. சங்கரன்கோவிலில் எங்கள் தெரு முழுக்க விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுப் பின்கட்டிலும் தறிகள் இருந்தன. அந்தச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தும் சித்தப்பாவுக்குத் தறி ஒத்துவரவில்லை. அவர் பக்கத்தில் போய் நின்றாலே இழை அறுகிறது என்பது அப்பாவின் குற்றச்சாட்டு. அப்பாவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். தாய் தகப்பன் இல்லாத தம்பியை அப்பாதான் வளர்த்தார். அந்த உரிமையில் காலையிலிருந்து ராத்திரிவரை திட்டுவார்.

சித்தப்பா சில வருடம் லாரியில் கிளீனராக ஊர் சுற்றி, ஓட்டப் பழகி, ஒருநாள் உருண்டை மூக்குள்ள ஒரு பழைய கறுப்புக் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். டாக்சி ஓட்டப் போகிறாராம். அப்பா அதை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "இது ஓடுமாலே?" என்றார்.

ஓடத்தான் செய்தது. ஆனால் ஆயில் ஒழுகியது. முதலில் ஒரு சொட்டு, அப்புறம் ஒரு கையகலம். அம்மா போட்ட கோலத்துக்கு நடுவே கறுப்பாக ஒரு வட்டம் நிற்கும். "உங்க கோலத்துக்குக் காரு பொட்டு வச்சிருக்கு" என்று எதிர்வீட்டு அக்கா சிரிப்பாள். ஒருமுறை கரிவலம்வந்தநல்லூருக்குக் கல்யாணக் கோஷ்டியை ஏற்றிக்கொண்டு போனபோது பாதி வழியிலேயே ஆயில் வற்றி, மாப்பிள்ளையின் தாய்மாமா பஸ்ஸுக்குக் கை காட்டி ஏறிப்போனார். பிறகு யாரும் கூப்பிடவில்லை.

பட்டறையில் விட்டார்கள். மேல்மூடிக்கு அடியில் ஆயில் கசியாமல் அடைக்கிற பேக்கிங் அட்டையை மாற்றினார்கள்; பக்கவாட்டில் ஒழுகியது. பக்கவாட்டில் மாற்றினார்கள்; பின்னால் ஒழுகியது. எஞ்சினை முழுசாக இறக்கிப் பிரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா முடிவாகச் சொன்னார்: "ஆடித்தபசுத் திருநாளுக்கு முந்தி இதைத் தள்ளிவிடு. பம்பாய்ல மாமா கடைக்கு ஆள் வேணுங்காவ. போய்ச் சேரு." வாங்குகிறவர் இரண்டு நாளில் வருவதாக ஏற்பாடாயிற்று. சித்தப்பா சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். பம்பாய் என்றால் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியாது. போனவர்கள் வெள்ளையாகிக் குண்டாகித்தான் திரும்பி வருவார்கள் என்று மட்டும் தெரியும். சித்தப்பா அப்படி ஆகிவிடக் கூடாது என்று அழுதேன்.

அவர் வருவதற்கு இடையில் ஒருநாள் மிச்சமிருந்தது. பள்ளிக்கூடம் லீவு. சித்தப்பா விடிந்ததும் காரின் முன்மூடியைத் தூக்கி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ஏட்டி, தறியில கழிவு நூல் அள்ளிட்டு வா."

மண்ணெண்ணெயில் பிரஷை முக்கி முக்கி, உள்ளே இறங்கிவிடாதபடி ஆயில் ஊற்றுகிற மூடியை மட்டும் விட்டுவிட்டு, எஞ்சினைக் கழுவினார். நான் கழிவு நூலால் துடைத்தேன். வருடக்கணக்கான பிசுக்கு உரிந்து கீழே விழ, உள்ளேயிருந்து பச்சை நிறம் வந்தது. எஞ்சினுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்திருப்பார்கள் என்று யார் கண்டார்கள்! நன்றாக உலர்ந்த பிறகு சித்தப்பா மெதுவாக, "ஒங்க அம்மை பவுடர் டப்பா எங்கன இருக்கு?" என்றார்.

எடுத்துக்கொண்டு வந்தேன். சித்தப்பா உள்ளங்கையில் கொட்டி, பூப்போல ஊதி ஊதி, எஞ்சின் முழுக்கப் பவுடர் அடித்தார். மூட்டு, மடிப்பு, போல்ட் தலை ஒன்று விடவில்லை. வாசனை அடுப்படிவரை போயிருக்க வேண்டும், அம்மா ஓடி வந்து, "எம் பவுடரு!" என்று தலையில் கை வைத்தாள்.

"ஒழுகுத இடம் வேற, சொட்டுத இடம் வேற மதினி. காத்து ஆயில எங்கனயெல்லாமோ இழுத்துட்டுப் போயிருது. வெள்ளையில கறுப்பு வந்தா பொய் சொல்லாதுல்லா" என்றார் சித்தப்பா.

வெள்ளை வெளேரென்று பவுடர் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த எஞ்சினை நான் வாயைப் பிளந்து பார்த்தேன். அத்தனை அழகான ஒரு பொருளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அலங்காரம் முடிந்து திரை விலகின சாமி மாதிரி இருந்தது. கும்பிடக்கூடக் கை போயிற்று.

வண்டியை உறும விட்டார். அப்பாவின் சவரக் கண்ணாடியை என் கையில் கொடுத்து, எஞ்சினுக்குப் பின்பக்கம் தெரிகிற மாதிரிப் பிடிக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கண்ணாடிக்குள், வெள்ளைக்கு நடுவே, கடுகளவு ஒரு கறுப்பு முளைத்தது. "வந்துருச்சு!" என்று கத்தினேன். சித்தப்பா குனிவதற்குள் பக்கவாட்டில் ஒன்று. மேல்மூடி ஓரத்தில் ஒன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லா மூட்டிலும் ஒரே நேரத்தில் வேர்த்தது.

சித்தப்பா ஒவ்வொரு பொட்டாகப் பார்த்துக்கொண்டே வந்தார். "எல்லா பேக்கிங்கும் ஒண்ணுபோல எப்படிட்டி போவும்?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு எங்கே தெரியும். "அப்ப கோளாறு அட்டையில இல்ல. உள்ள காத்து அடைபட்டுக்கிட்டு ஆயிலைத் தள்ளுது" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

சட்டென்று கை நீட்டி, எஞ்சின் தலையில் ஆயில் ஊற்றுகிற வாயின் மூடியைத் திருகி எடுத்தார். புஸ்ஸென்று புகை கிளம்பியது. கசிந்துகொண்டிருந்த கறுப்புப் பொட்டுகள் அப்படியே நின்றுவிட்டன. சித்தப்பா என் கையைப் பிடித்து அந்த வாய்க்கு மேலே காட்டினார். உள்ளங்கையில் வெதுவெதுப்பாக, விட்டு விட்டு, மூச்சு வந்து மோதியது. இரும்புக்கு மூச்சு இருக்கிறது! அந்த நிமிடம் எனக்கு வந்த பிரமிப்பு இன்றைக்கும் எந்த எஞ்சின் சத்தத்தைக் கேட்டாலும் கொஞ்சம் வந்துவிட்டுத்தான் போகிறது.

எஞ்சின் மூச்சு விடுவதற்காக அந்த மூடியில் துளைகள் வைத்திருப்பார்களாம். சித்தப்பா மூடியைத் திருப்பிப் பார்த்தார். துளைகள் அத்தனையும் காய்ந்த மண்ணால் அடைபட்டிருந்தன. அடுக்கடுக்காக, நாள்தோறும் பூசிய மண். மேலே விரல் தடம்கூட இருந்தது.

அது கோயில் புற்று மண். எங்கள் ஊரில் காய்ச்சலோ தலைவலியோ வயிற்றுக்கடுப்போ, டாக்டரிடம் போவதற்கு முன்னால் அந்த மண்ணைக் குழைத்துப் பூசிவிடுவார்கள். எங்கள் வீட்டில் தினமும் விடியக் கோயிலுக்குப் போய் அதை வாங்கிவருகிறவர் ஒருவர்தான். எங்கள் நெற்றியிலும் இப்படித்தான் மோதிர விரலால் அழுத்தி இழுத்துப் பூசுவார். லேசாக ஒழுகத் தொடங்கின நாளிலிருந்து, யாரும் எழுமுன் முன்மூடியைத் தூக்கி, நெற்றி என்று எண்ணிக்கொண்டு அதன் மூச்சுத் துளைகளில் பூசியிருக்கிறார்.

"அப்பா வச்ச மண்ணு" என்றேன். சித்தப்பா ஒரு ஊசி எடுத்து வந்தார். ஊசியால் துளைகளை ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்தார். உதிர்ந்த மண்ணைக் கீழே விடாமல் கையில் ஏந்தி, செடிக்கடியில் போட்டார். மூடியைக் கழுவி மாட்டிவிட்டு, என்னை ஏற்றிக்கொண்டு கரிவலம்வந்தநல்லூர்வரை ஓட்டிப்போய்த் திரும்பினார். பவுடரில் புதிதாக ஒரு கறுப்புப் பொட்டுகூட முளைக்கவில்லை.

தறியிலிருந்து வந்த அப்பா மண்டியிட்டு, காருக்கு அடியில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். விரல் சுத்தமாக இருந்தது. "எதுலலே கோளாறு?"

"பேக்கிங்தாண்ணே" என்றார் சித்தப்பா. நான் வாயைத் திறந்தேன். என் பின்னந்தலையில் அவர் கை அழுந்தியது. "இனிமே கோயில் மண்ணை முன்கண்ணாடி ஓரத்துல வச்சா நல்லாருக்கும்ணே. பாத்துக்கிட்டே ஓட்டுதவனுக்கும் ஒரு தைரியம்."

"எவம்லே உன் வண்டிக்கு மண்ணு வச்சுட்டு அலையுதான்?" என்று எரிந்து விழுந்துவிட்டு அப்பா பின்கட்டுக்குப் போய்விட்டார். வாங்க வருகிறவருக்கு மட்டும் வரவேண்டாம் என்று சாயங்காலமே ஆள் போயிற்று.

சித்தப்பா அப்பாவுக்குப் பயந்து பொய் சொன்னார் என்றுதான் நினைத்தேன். இத்தனை தைரியமாக எஞ்சினைத் தொடுகிறவர் இப்படிப் பயப்படுகிறாரே என்று கொஞ்சம் வருத்தமும் பட்டேன்.

மறுநாள் விடியும்போது விழித்துவிட்டேன். அப்பா கோயிலிலிருந்து வந்து, தெருவை இருபுறமும் பார்த்துவிட்டு, காரின் முன்கண்ணாடி ஓரத்தில் மண்ணை வைத்தார். உள்ளே வந்து, பாயில் கிடந்த சித்தப்பாவின் பக்கத்தில் குனிந்து, விரலில் மிச்சமிருந்ததை அவர் நெற்றியில் அழுத்தி இழுத்தார். சித்தப்பாவின் கண்கள் மூடியிருந்தன. இமை மட்டும் படபடத்தது. கண்ணோரத்தில் ஈரம் இருந்தது.

"அப்பா, சித்தப்பா தூங்கல. நடிக்காரு" என்றேன்.

இரண்டு பேருமே அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. உண்மையைத்தானே சொன்னேன், ஏன் ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று எனக்கு விளங்கவேயில்லை.