அம்மனுக்கு முடிந்து வைத்த காசு

அம்மனின் பிள்ளைகள் எல்லோருக்கும் வணக்கம். மஸ்கெலியாவில் த்ரீவீல் ஓட்டும் சதாசிவம் எழுதுகிறேன். திருவிழாவில் மைக்கைப் பிடித்து உங்களைச் சிரிக்க வைக்கும் அதே ஆள்தான்.

சில வருடங்களுக்கு முன், மலையேறும் சீசனில் நல்லதண்ணிக்கு யாத்திரைக்காரர்களை ஏற்றிப் போகும்போது வளைவுக்கு வளைவு வண்டியை நிறுத்தினேன். இஞ்சின் சூடு என்று சொல்லிவிட்டுத் தேயிலைக்குள் ஓடுவேன். இஞ்சின் நன்றாகத்தான் இருந்தது, முட்டியது மூத்திரம். கடைசியில் என் மனைவி செல்லம்மா இழுத்துப் போய் இரத்தம் சோதிக்க வைத்தாள். கண்டியில் ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள். புரொஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்றார்கள். அதற்குப் பிறகு சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து சாமிப் படத்தடியில் வைத்தேன். நோய் அடியோடு போனால் பறவைக் காவடி எடுக்கிறேன் தாயே என்று அழுதேன். என் தொந்தியைத் தாங்கப் போகும் கொக்கிகளுக்காக யார் வேண்டுவது என்று யோசிக்கவில்லை.

அடுத்த கிளினிக்கில் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். இது ஆபத்துக் குறைந்த வகை, மெதுவாக வளர்வது, இப்போது வெட்ட வேண்டாம், இரத்தமும் ஸ்கேனும் பார்த்துக் கவனித்துக்கொண்டே இருப்போம், மாற்றம் தெரிந்தால் வைத்தியம் செய்வோம் என்றார். நோய் உள்ளேயே இருந்தால் நேர்த்திக்கடனை எப்போது தீர்ப்பது? வெட்டிவிடுங்கள், எனக்குக் காவடி இருக்கிறது என்று கெஞ்சினேன்.

"வெட்டினா சில பேருக்குச் சிறுநீர் அடங்காமப் போகலாம் ஐயா," என்றார் அவர். "காவடியில தொங்குறப்போ கீழ நிக்கிறவங்களையும் நெனைச்சுப் பாருங்க."

செல்லம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன் பிறகு தூக்கம் போனது. முதுகு வலித்தால் பரவிவிட்டது என்று நினைப்பேன். வண்டிச் சீட்டின் வேலை அது. சோறு இறங்கவில்லை. பகிடி சொல்லிச் சிரிக்க வைக்க வாய் திறந்தால் பாதியிலேயே மறந்துபோனது.

மறுபடி சோதித்தபோது நோயின் அளவு கூடவில்லை. திரும்பும் பஸ்ஸில், நோய் அப்படியேதான் இருக்கிறது, அம்மன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று புலம்பினேன்.

"அடியோட எடுன்னு கேட்டது நீங்க," என்றாள் செல்லம்மா. "அது பாட்டுக்கு அடங்கிக் கெடக்கட்டும், இந்த மனுசன் பயத்த மட்டும் எடு தாயேன்னு நான் அன்னைக்கே கேட்டுட்டேன். பாதி நடந்துருச்சு. மீதி ஒங்க கையில."

ஹட்டன் வரும்வரை தூங்கினேன். என் குறட்டையைக் கேட்டு பஸ் பழுதாகிவிட்டதென்று முன்சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தாராம்.

காவடியைப் பால்குடமாக மாற்றித் தரச் சொல்லி அம்மனிடம் மன்றாடினேன். இப்போது ஒவ்வொரு திருவிழாவுக்கும் பால்குடம் எடுக்கிறேன். காசு முடிச்சை அவிழ்க்கவில்லை. மற்றவர்கள் ஒருமுறை நேர்த்தி தீர்ப்பார்கள், எனக்கு அவள் சீசன் டிக்கெட் கொடுத்திருக்கிறாள்.

அடுத்த சோதனை நெருங்குகிறது. நாட்காட்டியில் அந்தத் தேதியைப் பத்து முறை பார்த்துவிட்டேன். ஆனாலும் இன்றிரவு தூங்குவேன்.

இஞ்சின் சூடு என்று தேயிலைக்குள் ஓடும் சகோதரர்களே, முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிறகு கோயிலுக்கு வாருங்கள். என்ன வேண்டுவதென்று தெரியாவிட்டால் வீட்டில் இருப்பவளை வேண்டச் சொல்லுங்கள். எனக்குப் பலித்தது அதுதான்.