அட்வா நாளில் நெய்க் கேசரி

என் மனைவி மகாதேவிக்கு எங்கள் கலியாண நாள் ஞாபகம் இருக்காது. ஆனால் கானா சுதந்திரம் அடைந்தது மார்ச் ஆறு, எரித்திரியா மே இருபத்துநாலு, சோமாலியா யூலை ஒன்று என்று நித்திரையிலும் சொல்லுவாள். பிராங்பேர்ட்டில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் கனகாலமாய் வேலை செய்கிறாள். ஆபிரிக்காவின் பாதி நாடுகள் அங்கே அவளோடு ஒரே மேசையில் நின்று தட்டு அடுக்குகின்றன. யாருடைய நாட்டின் நாள் வருகிறதோ அவர் அன்று வீட்டிலிருந்து சட்டியோடு வருவார். இவள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்து, தமிழ்க்கடைக் கலண்டரில் சதுர்த்திக்கும் ஏகாதசிக்கும் நடுவில் அந்த நாளையும் வட்டம் போட்டு வைப்பாள்.

"எல்லாற்ற நாளுக்கும் சாப்பிட்டிட்டன். ஒருத்தற்ற நாளுக்கும் நான் சமைச்சுக் குடுக்கேல்லை" என்பதுதான் அவளுடைய நெடுநாள் குறை.

இந்த வருடம் அதற்கு வழி பிறந்தது. 1896இல் படையெடுத்து வந்த இத்தாலியரை எதியோப்பியர்கள் அட்வாவில் தோற்கடித்து நூற்றிமுப்பது வருடம். உடன் வேலை செய்யும் எதியோப்பியப் பெண் செனபெச் அந்தப் போரைப் பற்றிப் பேசினால், நேற்றுத்தான் களத்திலிருந்து வந்தவள் மாதிரி இருக்கும். அவர்களுடைய சங்கம் ஞாயிற்றுக்கிழமை ஒரு மண்டபத்தில் விழா எடுத்தது. இனிப்பைக் கடையில் எடுப்போம் என்றவர்களிடம், "என் அக்கா செய்வாள், நான் பொறுப்பு" என்று செனபெச் அடித்துச் சொல்லிவிட்டாள். மகாதேவியிடம், "அக்கா, இது எங்கள் நோன்புகாலம், கவனம்" என்றாள்.

கந்தசஷ்டி ஆறு நாளும் பிடிக்கிறவளிடம் போய் நோன்பைப் பற்றிச் சொல்லலாமா? "எனக்கே சொல்லுறாள்!" என்று சிரித்துவிட்டு, தலை முழுகி, புதுப் பானை வைத்து, மண்டபம் முழுக்கப் போதக்கூடிய ரவைக் கேசரி கிண்டினாள். விரதச் சாப்பாட்டில் நெய்யைக் குறைத்தால் மரியாதை இல்லையாம். ஊற்று ஊற்று என்று ஊற்றினாள். நானும் பக்கத்தில் நின்று முந்திரிகை வத்தல் பொறுக்கித் தின்றேனே தவிர, வேறெதையும் யோசிக்கவில்லை.

மண்டபத்தில் எல்லாரும் வெள்ளை உடையில் இருந்தார்கள். ஆசீர்வாதம் முடிந்ததும் அவர்களுடைய பாதிரியார் எங்கள் தட்டங்களருகே வந்து கரண்டியை எடுத்தார். "இதில் வெண்ணெய் இருக்கிறதா?" என்று ஜெர்மனில் கேட்டார்.

"வெண்ணெய் இல்லை, பாதர். அதை உருக்கின நெய். சுத்தமான பசு நெய்!" என்றாள் என் மனைவி, பெருமை பொங்க.

பாதிரியார் கரண்டியை மெல்லக் கீழே வைத்தார். செனபெச்சின் முகம் செத்துப்போயிற்று. அப்போதுதான் விளங்கியது, அவர்களுடைய நோன்பில் இறைச்சி மட்டுமல்ல, பால், தயிர், நெய் ஒன்றுமே ஆகாது. நாங்களோ பாலும் பழமும் சாப்பிட்டு விரதம் பிடிக்கிற சனம்.

மகாதேவிக்குக் கண் நிறைந்துவிட்டது. "எனக்காக நிண்டவளின்ர மானத்தை வாங்கிப் போட்டன். தூக்குங்கோப்பா, போவம்."

நான் தட்டத்தைத் தூக்க, மறுபக்கத்தைச் செனபெச் பிடித்து அழுத்தினாள். பிறகு ஒலிவாங்கியை வாங்கித் தங்கள் மொழியில் ஏதோ சொன்னாள். சனம் சிரித்தது, பிறகு கைதட்டியது. எங்களிடம் திரும்பி, "எல்லாரும் ஆளுக்கொரு பெட்டி கொண்டுபோய் ஃபிரீசரில் வைக்கிறோம். உயிர்த்த ஞாயிறு அன்று நோன்பு முடிய, முதல் வாய் இதுதான்" என்றாள்.

மகாதேவி நம்பவில்லை. "முகத்துக்குச் சொல்லுறாள். வீட்டை போய்க் கொட்டுவினம்" என்று ஒரு மாதத்துக்கு மேலாக என்னைத்தான் போட்டு அரித்தாள். வேலையிலும் செனபெச்சை நேரே பார்க்காமல் திரிந்தாள்.

அவர்களுடைய உயிர்த்த ஞாயிறு எங்கள் சித்திரை வருடப்பிறப்புக்கு இரண்டு நாள் முந்தி வந்தது. அன்று விடியவே அவளுடைய போன் ஓயாமல் அடித்தது. வீடு வீடாகப் படம். சிவக்கச் சமைத்த கோழிக்கறிக்குப் பக்கத்தில் எங்கள் மஞ்சள் கேசரி. ஒரு படத்தில் பாதிரியார், கன்னம் புடைக்க, தாடியில் ரவையோடு. கீழே எழுதியிருந்தார்: "அடுத்த வருடம் அட்வா நாள் நோன்புக்கு முந்தி வருகிறது. அப்போது சுடச்சுட வேண்டும்."

மகாதேவி அதைத் திரும்பத் திரும்ப வாசித்து, வாய்விட்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"இஞ்சாருங்கோ, போன முறை நெய் கொஞ்சம் குறைஞ்சு போச்சோ?"