கமிட்டிக்கு முன்னால் போன ஏணி

எங்கள் மேல் வீட்டுக்காரர் அலமாரி செய்கிறார். காலையிலிருந்து ரம்பச் சத்தம், படிக்கட்டு முழுக்கப் புதுமர வாசனை. மற்றவர்களுக்கு இந்த வாசனை கிரகப்பிரவேசத்தை நினைவூட்டுமாம். எனக்குப் பாதுகாப்புக் கமிட்டியை நினைவூட்டுகிறது, கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் தங்கவயலில் ஒரு தங்கச் சுரங்க ஆபீசில் குமாஸ்தா. தப்பில்லாமல் ஆங்கிலம் டைப் அடிப்பவன் என்ற ஒரே தகுதியால் என்னைக் கமிட்டியோடு சேர்த்துவிட்டார்கள். அதிகாரிகள் பாதி, தொழிலாளிகள் பாதி. மாதாமாதம் கூடி, யாருக்கும் அடிபடாமல் இருக்க என்ன செய்யலாம் என்று பேசுவோம். நடுவில் மிளகாய் பஜ்ஜி வரும். பஜ்ஜிக்கு முன்னால் கேட்டவை பரிசீலிக்கப்படும். பின்னால் கேட்டவை குறித்துக்கொள்ளப்படும். இந்த வித்தியாசத்தில் ஏதோ அர்த்தம் இருக்கிறது என்று நம்பினேன். நிறையப் படிக்கிறவனுக்கு மீட்டிங்குகளில் சீக்கிரம் நம்பிக்கை வந்துவிடும்.

தொழிலாளிகள் பக்கம் சேவியர் அண்ணன். சுரங்கத்துக்குள் மேற்கூரை இடியாமல் முட்டுக் கொடுப்பது, ஏணி கட்டுவது அவர் வேலை. கேஜ் என்கிற கூண்டில் இறங்கிய பிறகு, வேலை நடக்கும் இடத்துக்கு ஏணியில்தான் போகவேண்டும். ஒவ்வொரு மாதமும் அவர் ஒன்றையே கேட்பார்.

"ஏணிங்க எல்லாம் உளுத்துப் போச்சு சார். மரம் குடுங்க."

"மைன்ஸே எத்தனை நாளோ தெரியல. இப்பப் போய் மரமா?" என்பார் தலைமை அதிகாரி.

ஒரே ஒரு தடவை மரம் வந்தது, ஓர் ஏணிக்கு.

மீட்டிங் போக, கமிட்டி கீழே இறங்கி ஏதாவது ஓர் இடத்தைப் பார்வையிடுவதும் உண்டு. முதல் முறை கேஜ் இறங்கியபோது கண்ணை இறுக மூடிக்கொண்டேன். சில மாதம் பழகிய பிறகுதான் கண் வேலை செய்தது. எந்த இடத்துக்குப் போனாலும் அதே ஏணி. அதே புதுமர வாசனை, கீழ்ப்படியில் அதே கணு.

"அண்ணே, இது போன மாசம் பாத்த ஏணிதானே?"

"மெதுவாப் பேசு சாமி. முந்தின ஷிப்டுல நாங்கதான் தூக்கியாந்து கட்டனோம்."

"கேக்கறதும் நீங்க, மறைக்கறதும் நீங்களா?"

"இன்னா பண்ணச் சொல்ற? உளுத்த ஏணியக் கண்டா எடத்தையே மூடிடுவாங்க. மரத்துக்குத்தான் கையெழுத்து வராது, மூடறதுக்கு ஒடனே வரும்."

சுரங்கத்தையே மூட நிர்வாகம் காரணம் தேடிக்கொண்டிருந்த காலம் அது.

சேவியரின் மச்சான் தங்கராஜ், மனைவியின் தம்பி, கேலிக்காரன். "மாமா, கமிட்டிக்காரங்க எங்களோடவே குடியிருந்தா இன்னா? ஏணியும் கூடவே நிக்குமே" என்பான். அவன் வேலை செய்த இடத்தில் அதுவரை யாரும் விழுந்ததில்லை. எந்தப் படி உளுத்தது என்று எல்லோருடைய காலுக்கும் தெரியும்.

ஒருநாள் அந்த இடத்தைப் பார்வையிட்டோம். ஏணி பிரமாதம் என்று எழுதிக்கொண்டேன். பார்வையிட்ட ஏணி அந்த ஷிப்ட் முடியும்வரை அங்கேயே இருப்பது வழக்கம். அன்றைக்கென்று பார்த்து அதிகாரிக்கு உற்சாகம் பிறந்தது. "வந்ததுக்கு இன்னொரு இடத்தையும் பாத்துடலாம்" என்றார். கமிட்டி தன் ஆயுளில் காட்டிய ஒரே சுறுசுறுப்பு. சேவியரின் முகம் செத்துப்போனது. அதிகாரியை டீ குடிக்க உட்காரவைத்துவிட்டு ஆட்கள் ஓடினார்கள். புது ஏணியை அவிழ்த்து, பழையதை அவசரமாகக் கட்டிவிட்டு, எங்களுக்கு முன்னால் புதுசைத் தூக்கிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விட்டார்கள்.

தங்கராஜ் காலையில் புது ஏணியில் இறங்கியவன். ஷிப்ட் முடிந்து அதே ஏணி என்று நம்பி, இருட்டில் வேகமாக ஏறியிருக்கிறான். உளுத்த படி முறிந்தது. முதுகெலும்பு போயிற்று. உயிர் இருந்தது, இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை.

அடுத்த மீட்டிங்கில் மரியாதை நிமித்தம் பஜ்ஜி கிடையாது. சேவியர் எதுவும் கேட்கவில்லை. எல்லா ஏணிகளையும் மாற்றலாம் என்று அதிகாரியே சொன்னார், எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மரம் வருவதற்குள் சுரங்கத்தை மூடிவிட்டார்கள்.

சில வருடம் கழித்து, தங்கவயலை ஒட்டிய மாரிகுப்பத்தில் தங்கராஜைப் பார்க்கப் போனேன். கட்டிலில் படுத்திருந்தான், சேவியர் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். பேச்சு எங்கெங்கோ போய்விட்டு நின்றபோது தங்கராஜ் கேட்டான்.

"அந்த ஏணி கடசியா எங்க மாமா நின்னுச்சு?"

"உன் எடத்துலதாண்டா. நீ விழுந்த மறுநாளே கட்டிட்டன். அப்பறம் யாரு கேட்டும் அவுக்கல."

"அப்ப சரி" என்றான் தங்கராஜ். "இனிமே கமிட்டி எப்ப வேணா வரட்டும்."

சேவியர் சுளையை நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டான்.

மேல் வீட்டில் ரம்பம் நின்றுவிட்டது. வாசனை மட்டும் போகவில்லை. தண்ணீர் இறைக்கும் பம்புகளை நிறுத்திய பிறகு சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. கேஜ் இல்லை, ஷிப்ட் இல்லை, கமிட்டியும் இல்லை. இப்போது அங்கே யாருக்கும் அடிபடுவதில்லை. தண்ணீருக்கடியில், தங்கராஜின் இடத்தில், நல்ல ஏணி ஒன்று நின்றுகொண்டிருக்கிறது.