ஆடியில் பார்த்த மனை

ஈப்போவில் மனை பார்க்க மழையில்தான் போவார்கள் போலிருக்கிறது. எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் ஒரு சீனர், தவுக்கே என்போம், முதலாளி என்று அர்த்தம். நாலு வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம், மழை கொட்டுகிற நேரத்தில் குடையும் கையுமாகக் கிளம்பினார். வீடு கட்ட இடம் பார்க்கப் போகிறாராம். "மழை விட்டதும் போகலாமே" என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். "விட்ட பிறகு என்னத்தைப் பார்ப்பது?" என்றார். ஆள் வராத நேரமாகப் போய் விலையை அடித்துக் குறைக்கப் பார்க்கிறார் என்று நானாக அர்த்தம் பண்ணிக்கொண்டேன். அறைத்தோழன் செல்லையாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

மனை விஷயத்தில் நாங்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கடை பெஞ்சில் சங்கரன்கோவில் பக்கத்து ஆட்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு அதுதான். வில்லங்கம் பாரு, ரோட்டு முகமா பாரு, கிணத்துத் தண்ணியை வாயில ஊத்திப் பாரு. ஒருத்தரும் சாண் நிலம் வாங்கினவர் இல்லை. யோசனைக்குக் குறைச்சலும் இல்லை. அதில் பெரிய வாய் என்னுடையது. செல்லையா பனவடலிசத்திரத்துக்காரன். அவன் பெண்டாட்டி பிள்ளைகள் அங்கே அண்ணன் வீட்டில் ஒண்டிக் கிடந்தார்கள். ஒரு வீட்டைக் கட்டிவிட்டால் ஊரோடு போய்விடலாம் என்பதுதான் அவனுக்கு மூச்சு.

மறுவருஷம் இருவரும் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊருக்குப் போனோம். எங்கள் ஆட்கள் லீவு எடுத்தால் தபசுக்குத்தான் எடுப்பார்கள். என் ஊரான சங்கரன்கோவிலுக்கு வெளியே தரகர் ஒரு மனையைக் காட்டினார். "பம்பரம் விடலாம் அண்ணாச்சி, அப்படிச் சமதரை" என்றார். ஆடிக்காற்றில் புழுதி பறந்தது. வில்லங்கம் பார்த்தோம், சுத்தம். பக்கத்துக் கிணற்றில் குடித்துப் பார்த்தோம், நல்ல தண்ணீர்.

"அண்ணாச்சி, நீங்க என்ன சொல்லுதீக?" என்று செல்லையா கேட்டான்.

"ஏலே, கண்ண மூடிட்டு வாங்கு" என்றேன்.

வாங்கிவிட்டான். தொடர்ந்து இரண்டு வருஷம் மழை பொய்த்தது. எங்கள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. போன கார்த்திகையில் அவன் மனைவியிடமிருந்து கடிதம் வந்தது. அஸ்திவாரம் தோண்டின பள்ளமே தெரியவில்லை, இடுப்பளவு தண்ணீர் நிற்கிறதாம். பக்கத்துக் குளம் பெருகினால் தண்ணீர் ஏறி நிற்கிற இடமாம் அது. தை வரை வற்றாதாம். பத்திரம் சுத்தமாகத்தான் இருக்கிறது. தண்ணீருக்குப் பத்திரம் வாசிக்கத் தெரியாது.

உள்ளூரில் எல்லாருக்கும் தெரியுமாம். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். பதினாறு வயது வரை அந்தக் குளத்தில்தான் நீந்தினேன். கப்பலேறிய பிறகு ஆடியைத் தவிர வேறு மாதத்தில் ஊரைப் பார்த்ததில்லை. அங்கே மழை பெய்யும் என்பதே மறந்துபோயிருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

செல்லையா சண்டை போடவில்லை. "உள்ளூர்க்காரர்னுதான அண்ணாச்சி உங்ககிட்ட கேட்டேன்" என்று மட்டும் சொன்னான். அடித்திருந்தால் தேவலை.

தவுக்கே அன்று மழையில் பார்த்த மேட்டில் வீடு கட்டிவிட்டார். பின்கட்டில் ஓர் அறையை எங்களுக்கே வாடகைக்கு விட்டிருக்கிறார். மழை வந்தால் செல்லையா வாசலில் போய் நிற்கிறான். சொட்டும் தேங்காமல் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நேற்று கேட்டான்.

"இப்ப அங்கன என்ன மாசம் அண்ணாச்சி?"

நான் சித்திரையிலிருந்து விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன்.