பொன்னுத்தாயிக்குத் தலை பின்னிய மத்தியானம்

பினாயில் நெடியும் புது பன் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறினால், இன்றைக்கும் எனக்கு அது சனிக்கிழமைதான்...

கல்யாணமாகித் தேனிக்கு வந்த புதிது. பஜாரில் எங்கள் வீட்டாருக்குப் பாத்திரக்கடை. மாமியார்தான் சபையில் பெண்கள் சங்கத் தலைவி. சனிக்கிழமை மத்தியானம் ஆனால் பன் பாக்கெட்டும் வேதப்புத்தகமுமாக ஒரு கூட்டமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும். பெட் பெட்டாகப் போய் ஜெபம் பண்ணுவோம். பண்ணுவோம் என்றால்... அவர்கள் பண்ணுவார்கள். நான் பன் கொடுப்பேன்.

எனக்கு வாய்விட்டு ஜெபிக்க வராது. நாலு பேர் கண்ணை மூடிக் காத்திருந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சபையில் ஒருத்தி பாடுவாள், ஒருத்தி ஓய்வுநாள் பள்ளி எடுப்பாள். கன்வென்ஷன் கூட்டத்தில் பிரசங்கியார், ஆண்டவர் உன்னை எதற்காக வைத்திருக்கிறார் என்று கேட்டால் எல்லோரும் கை தூக்குவார்கள். நான் செருப்பைத் தேடுவது போல் குனிந்துகொள்வேன்.

இப்போது சிரிப்பாகச் சொல்கிறேன். அப்போது அடுப்படியில் தனியாக நின்று அழுதிருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை பெண்கள் வார்டில் புதிதாக ஒருத்தி இருந்தாள். கோம்பைக்காரி, பெயர் பொன்னுத்தாயி. புருஷனும் பெண்டாட்டியுமாக ஏலத்தோட்ட வேலைக்குப் போன ஜீப் மலைப்பாதையில் கவிழ்ந்துவிட்டது. இவளுக்கு இரண்டு கையிலும் மாவுக்கட்டு. அவருக்கு வயிற்றில் பலத்த அடி, ஆண்கள் வார்டில் கிடந்தார். பிள்ளைகள் கிடையாது. பார்க்க வந்த சொந்தக்காரர்களும் வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார்கள்.

சாயங்காலம் அவரை மதுரைக்கு அனுப்பப் போகிறார்கள், அதற்குள் போய்ப் பார்த்துவிடு என்று நர்ஸ் சொல்லிக்கொண்டிருந்தார். பொன்னுத்தாயி அசையவில்லை. அப்போதுதான் அவள் தலையைப் பார்த்தேன். மண்ணும் ரத்தமும் காய்ந்து, முடி சிக்குச் சிக்காக முகமெல்லாம் விரிந்து கிடந்தது. வெட்டிவிடலாம் என்று கத்தரிக்கோல் கொண்டுவந்ததற்கும் அவள் சம்மதிக்கவில்லையாம்.

"தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு அவுக முன்னால போயி நிக்க மாட்டேன். எழவு வீட்டுல நிக்கிற மாதிரி இருக்கும். பயந்துருவாக" என்றாள்.

மாமியார் என் காதோரம், இன்றைக்கு இவளுக்கு நீ ஜெபம் பண்ணு என்றார்கள். எல்லோரும் கண்ணை மூடினார்கள். நானும் மூடினேன். ஒரு வார்த்தை வரவில்லை... கண்ணைத் திறந்தால் அந்தத் தலைமுடிதான் தெரிந்தது.

பேக்கிலிருந்து என் சீப்பை எடுத்தேன்.

மாமியார் சீப்பைப் பார்த்தார்கள். பிறகு மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு அடுத்த பெட்டுக்குப் போய்விட்டார்கள்.

பக்கத்து பெட்டில் துணைக்கு இருந்த அம்மா தேங்காய் எண்ணெய் கொடுத்தார். நுனியிலிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுத்தேன். வேகமாக இழுத்தால் அவளுக்கு வலிக்கும், மெதுவாகப் போனால் பொழுது போய்விடும். சீப்புப் பல் உடைந்தது. முடிக்குள்ளிருந்து ஏலச்செடிச் சருகெல்லாம் வந்தது. வெயில் ஜன்னலை விட்டு இறங்கியபோது ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பின்னலைக் கட்ட ரிப்பன் இல்லை... நர்ஸ்தான் கட்டுத்துணியில் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தார்.

வீல்சேரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். வராண்டாவில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தவர் அவள் முகத்தைப் பார்த்தார். தோளில் கிடந்த பின்னலைப் பார்த்தார்.

"தலைய யாரு பின்னுனது?"

அவள் கையைத் தூக்க முடியாமல் தாடையால் என்னைக் காட்டினாள். "இந்தா, இவுகதேன்."

அவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு அவளிடம், "அப்ப ஒனக்கு ஆளு இருக்கு" என்றார்.

"கை கூடுற வரைக்கும் நான் வருவேண்ணே" என்றேன். வராண்டா முழுக்கக் கேட்டது. என் குரல்தானா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

தினமும் போனேன். மதுரையிலிருந்து செய்தி வந்தபோதும் பக்கத்தில்தான் இருந்தேன். அப்போதுதான் பின்னி முடித்திருந்தேன். அவள் மாவுக்கட்டுக் கையைத் தலைக்குக் கொண்டுபோகப் பார்த்தாள், எட்டவில்லை.

"அவுத்து விடுங்க ஆத்தா" என்றாள்.

நான் பின்னியதை நானே அவிழ்த்துவிட்டேன். அதைவிடக் கஷ்டமான வேலை எதையும் என் கை செய்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை பன் பையைத் தூக்கினால் உள்ளே ஒரு புதுச் சீப்பும் எண்ணெய் பாட்டிலும் இருந்தன. மாமியார் வைத்தது.

மாமியார் இப்போது இல்லை. வார்டுக்குள் போக பாஸ் வேண்டும். ஜெபமெல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில் நடக்கிறது... கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுகின்றன. குறை சொல்லவில்லை, நானும்தான் அனுப்புகிறேன். சபையில் சின்னப் பெண்கள், "ஆன்ட்டி, உங்க பர்பஸ் என்னன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க, ஞாயித்துக்கிழமை மைக்ல சொல்லுங்க" என்று பிடித்துக்கொண்டார்கள். மைக்கைப் பார்த்தால் நாக்கு இன்னும் ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

பொன்னுத்தாயி இருக்கிறாள். வலது கை சரியாக நிமிரவே இல்லை. தேனிக்கு வந்தால் எங்கள் வீட்டுக்கு வராமல் போக மாட்டாள். காபி குடித்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்காருவாள்.

முடியெல்லாம் நரைத்துக் கொட்டி, பின்னல் என் சுண்டுவிரல் கனத்துக்கு வந்துவிட்டது. அன்றைக்கு ஒரு மத்தியானம் முழுக்க ஆனது... இப்போது உட்கார்ந்த கையோடு முடிந்துவிடுகிறது.

எனக்குத்தான் மனசு கேட்பதில்லை. சரியாக வரவில்லை என்று சொல்லி அவிழ்த்துவிட்டு, இன்னொரு தடவை பின்னுகிறேன். அவளும் சும்மா உட்கார்ந்திருக்கிறாள்.