லைன் கோளாறு என்று எழுதியவள்

என் நாத்தனாருக்கு இப்போது நாற்பத்தாறு வயது. கல்யாணமாகி மூன்றாம் வருஷமே கணவரைப் பறிகொடுத்து, ஒரே ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு, அதாவது எங்கள் வீட்டுக்கு வந்தவள். டீச்சராக வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அந்தப் படிப்பு பாதியில் நின்றது. பிறகு பன்னிரண்டு வருஷம் ஒரு பெரிய துணிக்கடையில், சாயம் போச்சு, தையல் விட்டுச்சு என்று சண்டைக்கு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லும் மேஜையில் உட்கார்ந்திருந்தாள். திட்டிக்கொண்டே வந்தவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள். கடவுள் அப்படி ஒரு குரலைக் கொடுத்திருந்தார்.

அந்தக் கடையை மூடியதும் ஆன்லைன் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை கிடைத்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நாங்கள் மகிழ்ந்தோம். இருப்பதில் நல்ல துணியை உடுத்திக்கொண்டு முதல் நாள் போனாள். மாலையில் வந்ததும் கேட்டேன்.

"என்னடி, பிள்ளைங்கல்லாம் எப்படி?"

"பிள்ளைங்களா? டயர் கடைக்கு மேல மூணாவது மாடி, அண்ணி. பத்து மேஜை, பத்து கம்ப்யூட்டர். பிள்ளைங்க எல்லாம் அவங்கவங்க வீட்டுல."

அவள் அண்ணன் சும்மா இருப்பாரா? "அப்போ பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க மட்டும்தான் இல்ல. மத்ததெல்லாம் இருக்கா?"

"மத்ததும் இல்லண்ணா. ஒரு தண்ணி கேன் இருக்கு."

அவள் வேலை இதுதான். பாடம் நடக்கும்போது ஒவ்வொரு பிள்ளையின் பேருக்குப் பக்கத்திலும் ஒரு பச்சைப் புள்ளி இருக்கும். பிள்ளை கேமராவை அணைத்தால் புள்ளி சாம்பல் நிறமாகும். உடனே அந்த வீட்டுக்குப் போன் போட வேண்டும். பதினைந்து நிமிஷத்துக்குள் பச்சை வரவில்லை என்றால் காரணம் எழுத வேண்டும். 'வரவில்லை' என்று எழுதினால் பிள்ளையின் வருகைக் கணக்கில் குறையும். 'லைன் கோளாறு' என்று எழுதினால் குறையாது. இருநூறு பிள்ளைகளை அவள் இப்படிக் காவல் காத்தாள். பிள்ளைகள் அவளுக்குப் 'பச்சை அக்கா' என்று பெயர் வைத்தார்கள்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்திக்குப் பதினைந்து வயது. அந்த வருஷம் கடைசிப் பரீட்சை எழுத வேண்டியவள். தினமும் காலையில் இரண்டு தடவையாவது அவள் புள்ளி சாம்பலாகிவிடும். என் நாத்தனார் கூப்பிடுவாள்.

"ஏம்மா, தூங்கிட்டியா?"

"இல்லக்கா, பாப்பா அழுவுது. பத்து நிமிஷம்க்கா, தூங்க வெச்சிட்டு வந்துடறேன்."

அம்மா ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் இடத்தில் காலை வேலை. அப்பா லாரியோடு ஊர் ஊராகப் போகிறவர். ஒன்பது மாதத் தங்கையை இவள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பாடம் நடக்கும்போது கேமராவில் இன்னொரு ஆள் தெரியக் கூடாது என்பது அந்தப் பள்ளிக்கூடத்தின் சட்டம். மடியில் கிடக்கும் குழந்தையும் அவர்களுக்கு ஆள்தான். பத்து நிமிஷம் என்றது பல நாள் அரை மணி ஆகிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டிருந்தபோது என் நாத்தனார் என்னிடம் கேட்டாள்.

"அண்ணி, அந்தப் பொண்ணுக்கு நாலஞ்சு தடவை லைன் கோளாறுன்னு போட்டுட்டேன். பொய்தான். தப்பா?"

"யாருக்காவது கெடுதல் உண்டா?"

"யாருக்கும் இல்ல."

"அப்புறம் என்ன? ஒரு பிள்ளை படிக்கறதுக்காகச் சொல்ற பொய்யைக் கடவுள் மன்னிக்க மாட்டாரா? தாராளமா போடு."

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் போகாதவள். ஆனாலும் அன்றைக்கு நியாயத் தீர்ப்பு சொல்லும் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவள் முகம் தெளிந்தது. அதைப் பார்த்து எனக்கும் மனம் குளிர்ந்தது.

ஏழு மாதம் அப்படியே நடந்தது. அந்தப் பெண் கணக்கில் கெட்டிக்காரி, மாதப் பரீட்சையில் எல்லாம் முதல் பத்துக்குள் வருகிறாள் என்று என் நாத்தனார் பெற்றவளைப் போலச் சொல்வாள். 'வரவில்லை' மிகக் குறைவாக உள்ள மேஜை என்று இவள் படத்தைச் சுவரில் ஒட்டினார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் தரையைப் பார்த்தாள்.

கடைசிப் பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு பட்டியல் வந்தது. பரீட்சையை வீட்டிலிருந்தே, கேமரா முன்னால்தான் எழுத வேண்டும். நடுவில் லைன் அறுந்தால் பரீட்சை கெட்டுவிடும். அதனால் அறுபது தடவைக்கு மேல் லைன் கோளாறு ஆன வீடுகளில் இந்த வருஷம் பரீட்சை கிடையாது என்று எடுத்த பட்டியல் அது. கம்ப்யூட்டரே எடுத்தது. முதல் வரியில் அந்தப் பெண். நூற்று நான்கு தடவை.

இவள் மேலாளர் அறைக்கு ஓடியிருக்கிறாள். "சார், அந்த வீட்டு லைன் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் பொய்யா எழுதினேன். கைக்குழந்தையைப் பார்த்துக்கற பொண்ணு சார்."

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாராம். கோபப்படவில்லையாம். கோபப்பட்டிருந்தால் தேவலை என்றாள்.

"ஏம்மா இப்படிப் பண்ணீங்க? வரலைன்னு எழுதியிருந்தா, மூணாவது தடவையே வீட்டுல கூப்பிட்டுப் பேசியிருப்போம். இந்த மாதிரி பொண்ணுங்களுக்குன்னே சாயங்கால வகுப்பு நடக்குது. பதினோரு பேர் படிக்கிறாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. காலை மேஜைக்காரர்களுக்கு அதை யாரும் சொன்னதில்லை. அவர்கள் எழுதினால் போதும், மற்றதை மேலே பார்த்துக்கொள்வார்கள்.

"இப்ப மாத்தி எழுதலாம், சார்."

"மாத்தினா நூத்தி நாலு தடவை வரலைன்னு ஆகும். அப்பவும் பரீட்சை இல்ல. உங்க வேலையும் போகும். எதுக்கும்மா?"

"அடுத்த வருஷமாவது அந்தச் சாயங்கால வகுப்புல..."

"அந்த வகுப்பு இந்த வருஷத்தோட சரி."

பட்டியலில் உள்ள வீடுகளுக்கு அந்தந்த மேஜைக்காரர்தான் போன் செய்து சொல்ல வேண்டும். இவளே கூப்பிட்டாள். குழந்தை பின்னால் சிரித்துக்கொண்டிருந்ததாம்.

"எங்க லைன் நல்லாத்தானக்கா இருக்கு?" என்று கேட்டிருக்கிறது அந்தப் பெண்.

"கம்ப்யூட்டர் அப்படிச் சொல்லுதும்மா."

அப்புறம், "சரிக்கா. நீங்க மட்டும் இல்லேன்னா என்னை எப்பவோ நிறுத்தியிருப்பாங்க. நீங்க நல்லா இருக்கணும்க்கா" என்றதாம்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். நான், "அழாதடி, உன் மனசு கடவுளுக்குத் தெரியும்" என்றேன். அவள் அழவே இல்லை.

"மன்னிப்பாருன்னு நீங்க சொன்னீங்க, அண்ணி. மன்னிச்சிருப்பாரு. அவளுக்கு யாரு பரீட்சை வைப்பா?"

கெடுதல் உண்டா என்று நான்தான் கேட்டேன். இல்லை என்று அவள் சொன்னதை, விசாரிக்காமல் நான்தான் வாங்கிக்கொண்டேன்.

வேலையை அவள் விடவில்லை. விட்டால் எங்கே போவது? இப்போது பதினாறாவது நிமிஷம் யாராக இருந்தாலும் 'வரவில்லை'தான். பிள்ளைகள் கெஞ்சினாலும் காது கேட்காதவளைப் போல எழுதிவிடுகிறாள். அண்ணன் கிண்டல் செய்தாலும் பதில் சொல்வதில்லை.

போன மாதம், உண்மையைச் சொல்லிவிடுவது என்று தன் சொந்தப் போனிலிருந்து அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். பெரிய இயந்திரம் ஏதோ சுற்றுகிற இரைச்சல், அதற்கு மேல் அந்தப் பெண்ணின் குரல்.

"அக்கா, நீங்களா! அம்மாகூட வேலைக்கு வந்துட்டேன்க்கா. பாப்பாவைப் பக்கத்து வீட்டுல விட்டிருக்கோம். இங்க ஒண்ணும் கேக்கல. சாயந்திரம் கூப்பிடறீங்களா?"

"கூப்பிடறேம்மா" என்றாள்.

இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிடு என்று சொல்ல எனக்கும் துணிச்சல் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.