விசில் அடித்த பிறகு

துபாயில், அல் கூஸ் கிடங்கில் அம்மையப்பனை எல்லோரும் 'பிளேயர்' என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை வைத்தவன் சுரேஷ்குமார், கிடங்கின் ஸ்டோர் சூப்பர்வைசர். புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் அம்மையப்பன் தோளில் கையைப் போட்டு, "இவரு யாரு தெரியுமா? டிவியில கபடி ஆடுனவரு. லெஃப்ட் கார்னர். கணுக்காலைப் பிடிச்சாருன்னா கிரேன் வெச்சுத்தான் எடுக்கணும்" என்பான். அம்மையப்பன் கையிலிருக்கும் அட்டைப்பெட்டியில் எதையோ படிப்பதுபோலக் குனிந்துகொள்வான். அடக்கமான மனுஷன் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

அவன் ஓட்டப்பிடாரத்துப் பக்கம் கரிசல்காட்டுக்காரன். பத்தாவதோடு படிப்பை விட்டு, கோயில் கொடை விழாப் போட்டிகளில் ஆடி, மாவட்டம், மாநிலம் என்று ஏறி, இருபத்தேழு வயதில் ஒரு தொழில்முறை அணியில் ஒப்பந்தம் ஆனான். முதல் ஆட்டத்திலேயே நான்கு பேரை மடக்கிப் போட்டான். இரண்டு சீசன் ஏறுமுகம்தான். மூன்றாவது சீசனுக்கான பயிற்சி முகாமுக்குத் திருவாரூரிலிருந்து சுரேஷ்குமார் வந்து சேர்ந்தான். வயது இருபது. அம்மையப்பன் ஆடிய அதே இடது மூலை. தங்கியதும் ஒரே அறை.

"அண்ணே, அந்தப் பிடியை எப்படிண்ணே போடுறீங்க?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் திரிவான். ராத்திரி இவன் முதுகு வலிக்கிறது என்றால் தைலத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்காருவான். ஒரே வாரத்தில் அம்மையப்பனுக்கு விளங்கிவிட்டது: தான் பத்து வருஷம் பழகியதை இந்தப் பையன் யோசிக்காமலே செய்கிறான். பயிற்சியாளர் இரண்டு முறை சுரேஷை முதல் ஏழு பேரில் நிறுத்திப் பார்த்தார். அம்மையப்பனை வெளியே உட்காரச் சொன்னார்.

அணி அறிவிக்க இரண்டு நாள் இருந்தபோது ஒரு பயிற்சி ஆட்டம். இருவரும் எதிரெதிர் பக்கம். ஆள் குறைந்ததால் சுரேஷையே கபடி பாடிப் போகச் சொன்னார்கள். அம்மையப்பன் கணுக்காலைப் பிடித்தான். சுரேஷ் விழுந்தான், பாட்டை நிறுத்தி மூச்சு விட்டான், அவுட் என்று விசில் அடித்துவிட்டார்கள். பிடியை விட வேண்டிய நேரம் அது. அம்மையப்பன் விடவில்லை. காலைப் பிடித்தபடி தன் எடை முழுவதையும் சாய்த்து ஒரு பக்கமாகப் புரண்டான். முட்டிக்குள் எதுவோ அறுந்ததைக் கையாலேயே உணர்ந்தான்.

ஆட்டத்தில் நடந்தது என்று எல்லோரும் நம்பினார்கள். சுரேஷும் நம்பினான். ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் அம்மையப்பன் கூடவே இருந்தான். தூக்கி உட்கார வைத்தான், சோறு ஊட்டினான். சுரேஷின் தாய் வந்து இவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சுரேஷ் அதன் பிறகு ஆடவே இல்லை.

அந்த சீசனில் இடது மூலை அம்மையப்பனுக்கே கிடைத்தது. ஆனால் எவன் காலைப் பிடித்தாலும் ஒரு நொடி முன்னதாகக் கை தளர்ந்துவிடும். அடுத்த ஆண்டு எந்த அணியும் அவனை எடுக்கவில்லை. திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் செக்யூரிட்டி உடுப்போடு நின்றுகொண்டிருந்தபோது துபாயில் கிடங்கு வேலைக்குப் போயிருந்த சுரேஷிடமிருந்து போன் வந்தது. "அண்ணே, இங்க ஆள் எடுக்கிறாங்க. விசாவுக்கு நான் பேசிட்டேன். கெளம்பி வாங்க." வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அவன் இல்லை.

அப்படித்தான் மூன்று வருஷம் ஓடியது. சுரேஷ் கிடங்கு மாடிப்படியை ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுவான். ஞாயிற்றுக்கிழமை லீவில் ஷார்ஜாவில் இருந்த தன் வீட்டுக்கு அம்மையப்பனை அழைத்துப்போவான். அவன் மனைவி ஜெயமணி, "அண்ணனுக்கு நல்ல துண்டாப் போடணும்" என்று மீன் குழம்பைக் கிளறித் தேடி வைப்பாள்.  சாப்பிடாவிட்டால் அவள் வருத்தப்படுவாள் என்று விழுங்குவான்.

அஜ்மானில் தமிழர்களுக்கான கபடிப் போட்டி ஒன்றை கலீலுர் ரஹ்மான் என்பவர் வருஷாவருஷம் நடத்துவார். இந்த முறை பழைய ஆட்டக்காரருக்கு மரியாதை செய்ய வேண்டும், அம்மையப்பனுக்குப் பொன்னாடை போர்த்தலாம் என்று யோசனை சொன்னதே சுரேஷ்தான். போர்த்தப் போவதும் அவன்தான்.

போட்டியன்று காலையில் காரில் போகும்போது தான் பேசப்போவதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். "பதினோரு நாள் என் பக்கத்துலயே இருந்தாரு, கூடப் பொறந்த அண்ணன்கூட அப்படி இருக்க மாட்டான்னு ஆரம்பிக்கிறேன். நல்லாருக்குல்ல?"

"வண்டிய ஓரமா நிறுத்து தம்பி."

"மயக்கமா இருக்காண்ணே?"

ஒரு பெட்ரோல் பங்க் அருகே நிறுத்தினான். அம்மையப்பன் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஒன் முட்டி தானாப் போகல. நாந்தான் முறிச்சேன்."

"ஆட்டத்துல நடந்ததுண்ணே. அதையே நெனச்சுக்கிட்டு."

"ஆட்டத்துல இல்ல. பொறவு."

சுரேஷ் இன்ஜினை அணைத்தான். ஏசி நின்றதும் வெக்கை உள்ளே வந்தது. "விசில் உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அப்ப ஆஸ்பத்திரியில இருந்தது?"

"ஒனக்கு ஞாபகம் இருக்கான்னு பாக்கத்தான் மொதல்ல வந்தேன். பொறவு ஒங்க அம்மா மொகத்தப் பாத்துட்டு எந்திரிச்சுப் போக முடியல."

சுரேஷ் அம்மையப்பன் பக்கத்துக் கதவின் பூட்டை விடுவித்தான். பிறகு, "எறங்கிக்குங்க" என்றான்.

அஜ்மானுக்குப் போகாமல் பஸ்ஸில் திரும்பிய அம்மையப்பன், மறுநாள் வேலை போய்விடும் என்று எதிர்பார்த்தான். போகவில்லை. டியூட்டி அட்டவணையில் அவன் பெயர் வழக்கம்போல இருந்தது. சுரேஷ் யாரிடமும் எதையும் சொல்லியிருக்கவில்லை. அதனால் மற்றவர்கள் இன்னமும் பிளேயர், பிளேயர் என்றார்கள். ஒவ்வொரு முறையும் சுரேஷ் அதைக் காதில் வாங்கிக்கொண்டு கடந்து போனான். ஜெயமணி போன் செய்தாள். "ஏண்ணே வரதில்ல? அவரைக் கேட்டா வாயே தொறக்க மாட்டேங்குறாரு."

"டியூட்டி மா" என்று அவளிடமும் பொய் சொன்னான்.

நான்கு மாதம் கழிந்தது. ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில் அம்மையப்பன் தனியாகப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த இடத்துக்கு சுரேஷ் வந்து நின்றான்.

"வேற யாருக்காச்சும் அப்படிச் செஞ்சிருக்கீங்களா?"

"இல்ல."

"அப்ப எனக்கு மட்டும் ஏன்?"

"நீ என்னைவிட நல்லா ஆடுன. ஒரே வாரத்துல தெரிஞ்சுபோச்சு. அதத் தாங்க முடியல."

சுரேஷ் அங்கிருந்த பெட்டிமேல் உட்கார்ந்தான். "எனக்கு விழத் தெரியல, அதான் கால் போச்சுன்னு இத்தன வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்தேன். எங்க அப்பாவும் அப்படித்தான் சொன்னாரு. ஆடத் தெரியாதவன்னு சொல்லிக்கிட்டேதான் செத்தாரு."

காலைப் பற்றி மட்டுமே இத்தனை வருஷம் கூசிக்கொண்டிருந்த அம்மையப்பன், இப்படியொரு பழியும் சுரேஷ்மேல் விழுந்திருக்கும் என்று நினைத்ததே இல்லை. கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. அதற்கும் தகுதியில்லை என்று கையை இறக்கிக்கொண்டான்.

"ஜெயமணிகிட்ட நீங்களே சொல்லுங்க. எனக்கு வாய் வரல" என்று சொல்லிவிட்டு சுரேஷ் மெதுவாக எழுந்து போனான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மையப்பன் பஸ் ஏறிப் போனான். கதவைத் திறந்த ஜெயமணி உள்ளே வரச் சொன்னாள். அவன் வாசலிலேயே நின்று, எதையும் மிச்சம் வைக்காமல் சொன்னான். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு முழுக்கக் கேட்டாள். திட்டவில்லை. "இனி இங்க வராதீங்க" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினாள். அவன் லிஃப்டுக்குக் காத்திருக்காமல் ஆறு மாடியையும் படி வழியாகவே இறங்கினான்.